ஜனாதிபதி என்ன சொன்னார்?

ஜனாதிபதியை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறை வந்த பிறகு நடந்த மூன்றாவது பதவியேற்பு அது. ஆனி மாதத்துத் திங்கட்கிழமை, காலை பத்தரை மணி. சந்தியாகுப்பட்டினத்தில் அன்று ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. ஐஸ் கம்பெனியில் இயந்திரங்களை ஓடவிட்டுவிட்டு, வேலை செய்கிற பதினான்கு பெண்களும் டிவி முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மேற்பார்வையாளர் பிலோமினா அவர்களைத் தடுக்கவில்லை. அவளும் கேட்க வேண்டியிருந்தது.

அந்த ஊருக்கு அப்போது ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. பதினைந்து வருடங்களில் கடல் மூன்று தெருக்களைத் தின்றிருந்தது. மிச்சமிருந்தவை நான்கு தெருக்கள், இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். கடலுக்கும் ஊருக்கும் நடுவே சுவர் கட்டுவதா, ஊரையே மேட்டுப்பக்கம் கொண்டுபோவதா என்று பழைய அரசாங்கம் குழு மேல் குழு போட்டுப் பேசி, முடிவைப் புதியவர் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தது. பதவியேற்ற மேடையிலேயே அதற்குப் பதில் சொல்வேன் என்று புதியவர் பிரசாரத்தில் வாக்குக் கொடுத்திருந்தார்.

அவர் வடக்கே மலைப்பக்கத்துக்காரர். தமிழில் ஒரு சொல் தெரியாது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. நேர்மொழி வந்து எட்டு வருடமாகிவிட்டது. யார் எந்த மொழியில் பேசினாலும் டிவியில் அது அவர் குரலிலேயே, அவர் உதட்டு அசைவோடேயே, பார்க்கிறவரின் மொழியில் வரும். ஆரம்பத்தில் மேடைத் தமிழில் வந்தது. பிறகு அந்தந்த ஊர்ப் பேச்சில் வரத் தொடங்கியது. டிவியின் நெற்றியில் இருந்த சின்னக் கேமரா பார்ப்பவர்களின் முகத்தைக் கவனித்து, புரியாமல் விழிக்கிறார்கள் என்று கண்டால் இன்னும் எளிமையாகச் சொல்லும். பள்ளிப் பாடத்திலிருந்து பங்குச் சாமியாரின் பிரசங்கம் வரை எல்லாம் அதன் வழியாகத்தான் வந்தன. அதற்கு முன்பு மனிதர்கள் எப்படிக் கேட்டார்கள் என்பது ஊரில் பலருக்கு மறந்தே போயிருந்தது.

ஜனாதிபதி உறுதிமொழி எடுத்தார். பிறகு கையிலிருந்த காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். முதல் வாக்கியத்தில் அவர் வாயோரம் ஒரு கணம் கலங்கித் தெரிந்தது. பெண்களில் சிலர் முகத்தைச் சுருக்கினார்கள். உடனே படம் தெளிந்தது.

“சந்தியாகுப்பட்டினத்து அக்கா தங்கச்சிமாரே,” என்றார் ஜனாதிபதி. “இனிமே கடல் சத்தத்துக்குப் பயந்து நீங்க முழிச்சு உக்கார வேண்டாம். அடுத்த ஆனிக்குள்ள மேட்டுல உங்களுக்கு வீடு. சாவிய நானே வந்து குடுப்பேன்.”

தங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டார் என்பதிலேயே பாதிப் பேர் அழுதுவிட்டார்கள். வியாகுலம் மட்டும் அழவில்லை. ஐஸ் உடைக்கிற வேலை பார்த்த அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. புருஷன் கிடையாது, பிள்ளை கிடையாது. இரண்டு முறை வீட்டைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு மூன்றாவது வீட்டில் இருந்தாள். அவள் எழுந்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, டிவியைப் பார்த்துச் சிலுவை போட்டாள்.

அன்று சாயங்காலம் பிலோமினாவின் கணவர் சூசை ஒரு பொட்டலம் மஸ்கோத் அல்வாவோடு வீட்டுக்கு வந்தார். சூசை படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். படகுத்துறைக் கொட்டகையில் இருபது ஆண்களோடு உட்கார்ந்து அதே பதவியேற்பைப் பார்த்திருந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து பிலோமினா பார்த்ததில்லை.

“கேட்டியா பிலோ? நம்ம ஊர் பேரச் சொன்னாருல்லா.”

“கேட்டேன். எங்க பொம்பளைய எல்லாம் அழுதுட்டாவ.”

“அழ மாட்டாவளா பின்ன? ஒரு வீடும் நகராது, சுவர் எழுப்பித் தாறேன்னு சொல்லிட்டாரே மனுஷன்.”

வாயருகே கொண்டுபோன அல்வாவை பிலோமினா கீழே வைத்தாள். சுவரைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை என்றாள். வீடு என்றுதான் சொன்னார், சாவி தருவேன் என்றார் என்றாள். சூசை முதலில் அவள் விளையாடுகிறாள் என்று நினைத்தார். அடுத்து, அவள் ஐஸ் இயந்திரச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்றார். கடைசியில் தன் போனை எடுத்துப் பதிவைப் போட்டுக் காட்டினார். அவர் கையில் இருந்த போனில் ஜனாதிபதி சுவர் கட்டினார். அவள் தன் போனில் போட்டாள். வீடு கொடுத்தார். இருவரும் ஒரே போனில் தலையோடு தலை வைத்துப் பார்த்தபோது, “உங்க ஊருக்கு எது நல்லதோ அத உங்களோட கலந்து பேசிச் செய்வேன்,” என்று அதே குரலில், அதே சிரிப்போடு சொன்னார்.

பிலோமினா சூசையை எழுந்து தள்ளி நிற்கச் சொன்னாள். மறுபடி போட்டாள். வீடு. அவரை உட்கார வைத்துவிட்டுத் தான் எழுந்து நின்றாள். சுவர்.

“இது நம்ம மூஞ்சியப் பாத்துப் பேசுது,” என்றாள்.

“உன் போன் கெட்டுப்போச்சு,” என்றார் சூசை. “என்கிட்டச் சொன்னதுதான் அவரு சொன்னது. இருபத்தோரு பேரு கேட்டிருக்கோம்.”

“நாங்க பதினஞ்சு பேரு கேட்டிருக்கோம்.”

இதற்கு மேல் அந்தப் பேச்சு நகரவில்லை. ஊர் முழுவதும் அன்று அப்படித்தான் நின்றது. மறுநாள் ஒரு செய்தித்தாள் சுவர் என்று எழுதியது, இன்னொன்று வீடு என்று எழுதியது. எழுதியவர்களும் நேர்மொழியில்தான் கேட்டிருந்தார்கள். அரசாங்கத்தின் அதிகாரப்பூர்வ உரை இணையத்தில் கிடைத்தது. அதையும் திறப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் திரை காட்டியது. இரண்டு செய்திகளையும் ஒன்றாக வைத்து யோசித்தவர்கள் குறைவு. தனக்கு வேண்டியதைத் தன் முகத்தைப் பார்த்து ஒரு பெரிய மனிதர் சொன்னபிறகு, அது பொய்யாக இருக்கலாம் என்று நம்ப யாருக்குத்தான் மனது வரும்? அடுத்தவன் காதுதான் கெட்டிருக்க வேண்டும்.

சுவர்க்காரர்கள் வீட்டைச் செப்பனிடத் தொடங்கினார்கள். சூசை வீட்டின் முன்னால் ஓர் அறைக்கு அஸ்திவாரம் தோண்டினார். வீடு என்று கேட்டிருந்த வீட்டுக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். கிணற்றடியில் இரண்டு தரப்பும் பேசிக்கொள்வது நின்றது. பெண் கொடுக்க நிச்சயம் செய்திருந்த ஒரு வீட்டில், நகரப்போகிறவர்களுக்கு எதற்குப் பெண் என்று கேட்டு நிறுத்திவிட்டார்கள். பிலோமினாவும் சூசையும் ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒரே சட்டியில் சாப்பிட்டார்கள், கடலைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

வியாகுலம் அடுத்த ஆனி வரைக்கும் பொறுக்கவில்லை. ஆடி பிறந்ததும் தன் வீட்டின் ஓடுகளை இறக்கி விற்றாள். மர உத்தரங்களைக் கொடுத்துவிட்டாள். நான்கு மண்சுவர்களுக்கு நடுவே தார்ப்பாய் கட்டிக்கொண்டு, ஒரு டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து லாரி வருவதற்காகக் காத்திருந்தாள். பிலோமினா அவளைத் தன் வீட்டுக்கு எத்தனையோ முறை கூப்பிட்டாள். அது அந்த இயந்திரம் பேசியது, அந்த மனிதர் பேசியதல்ல என்று சொல்லிப் பார்த்தாள்.

“எம் முகத்தப் பாத்துச் சொன்னாரு பிலோ,” என்றாள் வியாகுலம். “எனக்கு ஒருத்தரும் முகத்தப் பாத்து எதுவும் சொன்னதில்ல.”

ஆவணியில் எதிர்பாராத மழை ஆறு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. பிலோமினாவும் சூசையும் சேர்ந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். சாவியை வாங்கிவைக்கும்படி பிலோமினாவிடம் சொல்லிவிட்டு இறந்துபோனாள்.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது சூசை, பாவம், ஏமாந்துவிட்டாள் என்றார். பிலோமினா நின்றாள். “யாரு ஏமாத்துனா?” என்று கேட்டாள். அன்றுதான் அவள் முடிவு செய்தாள்: அந்த மனிதர் அன்று வாயைத் திறந்து என்ன சொன்னார் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை.

மறுநாளே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத் தாலுகா அலுவலகத்துக்குப் போனாள். தாசில்தார் இளமுருகு அவளை உட்காரச் சொல்லி, முழுவதையும் கேட்டார். மேலிடத்திலிருந்து சுவருக்கும் உத்தரவு வரவில்லை, வீட்டுக்கும் வரவில்லை என்றார். வந்தால் தானே நேரில் வந்து சொல்வதாக மரியாதையாகச் சொன்னார்.

“உங்களுக்கு என்ன கேட்டுச்சுய்யா, அன்னைக்கு?” என்றாள் பிலோமினா.

அவர் பேனாவை மூடினார்.

“வருவாய்த்துறை ஆட்களைக் கண்ட கண்ட ஊருக்கு மாத்த மாட்டோம்னு சொன்னாரு. என் மனைவியும் நானும் கைதட்டினோம். ஒரு ஜனாதிபதி பதவியேற்பில இதையெல்லாமா பேசுவாருன்னு எனக்கு அப்போ தோணவே இல்ல.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நானும் யாருகிட்டயும் சொல்லல.”

இயந்திரம் இல்லாமல் அவர் பேச்சைக் கேட்டவர் யாராவது இருப்பார்களா என்று கேட்டாள். மைதானத்தில் இருந்த ஆயிரக்கணக்கான பேரும் காதில் கருவி மாட்டித்தான் கேட்டார்கள் என்றார் தாசில்தார். அப்புறம் ஏதோ நினைவு வந்தவராக, ஜனாதிபதியின் சட்டையில் மைக் மாட்டிய பையன் இந்தப் பக்கத்துக்காரன், பத்திரிகையில் படம் வந்திருந்தது என்றார். பள்ளிவாசல்துறை செய்யது மீரான்.

பள்ளிவாசல்துறை வடக்கே இருபது கிலோமீட்டர். அங்கே போய் விசாரித்தபோது, மீரான் தலைநகரத்திலேயே இருக்கிறான், புரட்டாசியில் தங்கை கல்யாணத்துக்கு வருவான் என்றார்கள். பிலோமினா மூன்று வாரம் காத்திருந்தாள். கல்யாண நாளன்று ஒரு எவர்சில்வர் குடம் வாங்கிக்கொண்டு, யார் என்றே தெரியாத வீட்டுக்குள் நுழைந்தாள். நிக்காஹ் முடிந்து, கூட்டம் சாப்பிட்டுக் கலைகிற வரைக்கும் ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

மீரானுக்கு முப்பது வயது இருக்கும். விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறியது. வேலையில் சேரும்போது எதையும் வெளியே சொல்வதில்லை என்று எழுதிக் கொடுத்திருப்பதாகவும், தன்னை விட்டுவிடும்படியும் கேட்டுக்கொண்டான். பிலோமினா வற்புறுத்தவில்லை. வியாகுலத்தைப் பற்றிச் சொன்னாள். தார்ப்பாயைப் பற்றியும், டிரங்குப் பெட்டியைப் பற்றியும், கடைசியில் அவள் கேட்ட சாவியைப் பற்றியும் சொன்னாள். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு அவளைப் பந்தலுக்குப் பின்னால், கழுவிக் கவிழ்த்த அண்டாக்களுக்கு நடுவே கூட்டிப்போனான்.

“என் காதுல மட்டும்தான் நேரா மைக்கிலேருந்து வரும்க்கா. சத்தம் சரியா இருக்கான்னு நான் பாக்கணுமே. அவரு பேசுற மொழி எனக்குத் தெரியும்.”

“சுவரா தம்பி, வீடா?”

“ரெண்டும் இல்ல.”

தூரத்தில் யாரோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வருகிறேன் என்று கையைக் காட்டிவிட்டு அவன் தொடர்ந்தான். எழுதிக் கொடுத்த உரையை ஜனாதிபதி வாசிக்கவே இல்லை என்றான். இருபத்திரண்டு நிமிடமும் மனதிலிருந்துதான் பேசினார். கடலோரத்துக்கு என்று நான்கு நிமிடம் பேசினார். அதை அவன் மறக்கவில்லை.

“‘உங்களுக்குச் சுவர் கட்ட என்னால முடியாது. இந்த அஞ்சு வருஷத்துல வீடு கட்டித் தரவும் முடியாது. அதுக்கான வசதி இந்த நாட்டுகிட்ட இல்ல. ஐப்பசிக்குள்ள கடல் ஓரத்துல இருக்கிறவங்க விலகிடுங்க. மேட்டுல இருக்கிற அரசாங்கக் கட்டடம் எதுவா இருந்தாலும், போய்க் கேட்டா திறந்துவிடணும்னு இன்னைக்குக் காலையிலேயே கையெழுத்துப் போட்டுட்டேன். போய்க் கேளுங்க. கேக்கிறது உங்க உரிமை.’ இதுதான்க்கா அவரு சொன்னது.”

யார் இதை மாற்றினார்கள் என்று பிலோமினா கேட்டாள்.

“யாரும் மாத்தல. கேக்கிறவங்க முகம் சுளிச்சா சொல்ற விதத்த மாத்துன்னு அதுக்கு ஆரம்பத்துலயே சொல்லிக்குடுத்திருக்காங்க. புரியாம முகம் சுளிக்கிறதும், கசப்பா இருக்குன்னு சுளிக்கிறதும் அதுக்கு ஒண்ணுதான். அன்னைக்கு அவரு முதல் வரி பேசினதுமே கோடிக்கணக்கான பேரு ஒரே நேரத்துல முகம் சுளிச்சாங்க. அது விதவிதமா சொல்லிப் பாத்துது. சுளிப்பு போகல. கடைசியில விஷயத்தையே மாத்திருச்சு. தடுக்கணும்னு யாருக்கும் தோணல. ஏன்னா எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க.”

“அவருக்கு இது தெரியுமா?”

மீரான் கவிழ்த்திருந்த அண்டா ஒன்றின் மேல் உட்கார்ந்தான்.

“பேசி முடிச்சிட்டு எறங்கி வந்தாரு. நான் மைக்க எடுத்துக்கிட்டிருந்தேன். எதிர்ல பெரிய பலகையில எண் ஓடிச்சு, மக்கள் எப்படி ஏத்துக்கிட்டாங்கன்னு. நூத்துக்குத் தொண்ணூத்து நாலு. அதப் பாத்துட்டு மனுஷன் கண்ணுல தண்ணி. ‘இவங்கள நான் சின்னப் பிள்ளைங்கன்னு நெனச்சுட்டேன், உண்மையைத் தாங்குவாங்கன்னு தெரியாமப் போச்சு’ன்னாரு. என் கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாருக்கா. நான் அப்பவே சொல்லியிருக்கணும். அவரு முகத்தப் பாத்துட்டு என்னால சொல்ல முடியல.”

பதிவு ஏதாவது இருக்கிறதா என்று அவள் கேட்டாள். இருந்தாலும் பிரயோஜனமில்லை என்றான் அவன். அவர் மொழி சந்தியாகுப்பட்டினத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமானால் போனில்தான் போட வேண்டும். போனில் போட்டால் நேர்மொழி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

“அப்ப எனக்குச் சொல்லிக்குடுங்க,” என்றாள் பிலோமினா. “நான் மனப்பாடம் பண்ணிக்கிடுதேன்.”

அவன் வரி வரியாகச் சொன்னான். அவள் திருப்பிச் சொன்னாள். மூன்றாவது முறை சொல்லும்போது, சுவர் கட்டுவது கஷ்டம் என்று அவள் வாயில் வந்துவிட்டது.

“கஷ்டம்னு சொல்லலக்கா. முடியாதுன்னு சொன்னாரு.”

“முடியாது,” என்று அவள் திருத்திக்கொண்டாள். கிளம்பும்போது அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். “நான் ஊருல சொல்லப்போறேன். நீங்க அவருகிட்டச் சொல்லணும் தம்பி.” அவன் தலையசைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் சூசையிடம் சொன்னாள். அவர் புது அறையின் சுவருக்குக் கலவை குழைத்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. இத்தனை வருடம் அவரோடு வாழ்ந்ததில் அந்த முகத்தைக் கண்டால் பேச்சை மாற்றிவிடுவது அவளுக்குப் பழக்கம். அன்று மாற்றவில்லை. கடைசி வரியை அதே குரலில் சொல்லி முடித்தாள். சூசை கரண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியே போனார். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

தாலுகா அலுவலகத்தில் இளமுருகு கோப்புகளைத் தேடச் சொன்னார். மூன்று மாதத்துக்கு முந்தைய கட்டுக்குள் அந்த உத்தரவு இருந்தது. ஒரே ஒரு பக்கம். ‘கேட்பவர்களுக்குத் திறந்து கொடுக்கவும்’ என்று எழுதி, கீழே கையெழுத்து இருந்தது. இது வந்தது அவருக்குத் தெரியும். யாராவது வந்து கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார். ஒருவரும் கேட்கவில்லை.

“இப்ப நான் கேக்கேன்,” என்றாள் பிலோமினா.

மேட்டுச் சாலையில் பழைய உப்புக் குடோன்கள் ஆறு பூட்டிக் கிடந்தன. அவற்றின் சாவிக்கொத்தை அவர் அன்றே எடுத்துக்கொடுத்தார்.

அதன் பிறகு அவள் நான்கு தெருக்களிலும் வீடு வீடாக ஏறி இறங்கினாள். நடுக்கூடத்தில் நின்று அந்த நான்கு நிமிடத்தைச் சொன்னாள். எல்லா வீட்டிலும் முதலில் சிரித்தார்கள், அடுத்து முகம் சுளித்தார்கள். சுவர்க்காரர்கள் அவளை வீட்டுக்காரி என்றார்கள். வீட்டுக்காரர்கள் புருஷன் பக்கம் சாய்ந்துவிட்டாள் என்றார்கள். அவள் ஏறி வராதபடி ஒருத்தி வாசலில் தண்ணீரை ஊற்றினாள். கொஞ்சம் நல்லதாகச் சொன்னால் குடோனுக்கு வந்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. அங்கே போனால் சீக்கிரம் வீடு கிடைக்கும் என்று ஒரு வார்த்தை போதும். பல முறை அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் சொல்லவில்லை. கதவை மூடியவர்கள் வீட்டுக்கு மறுநாளும் போய், ஒரு சொல் கூடாமல் குறையாமல் அதையே சொன்னாள்.

ஐந்தாம் நாள் காலை, வீட்டுக்கூரையில் சத்தம் கேட்டு வெளியே வந்தாள். சூசை மேலே உட்கார்ந்து ஓடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். தெருவே நின்று பார்த்தது. ‘மேட்டுக்குக் கொண்டுபோகணும், ஒரு கை பிடிங்க’ என்று மேலிருந்தே பொதுவாகச் சொன்னார். படகுத்துறைக் கொட்டகையில் அவரோடு உட்கார்ந்து சுவரைக் கேட்டவர்களில் மூன்று பேர் வந்து பிடித்தார்கள்.

ஐப்பசி இருபதாம் தேதி கடல் ஏறியது. கடலோரத் தெருக்கள் இரண்டிலும் அறுபத்திரண்டு வீடுகள் போயின. சூசை தோண்டிய அஸ்திவாரம் இருந்த இடமே தெரியவில்லை. உயிர் ஒன்றும் போகவில்லை. சூசையைப் பார்த்து ஒவ்வொரு வீடாக மேட்டுக்கு வந்துவிட்டவர்கள் குடோன்களில் உப்பு நெடியில், ஒருவர் மேல் ஒருவராகப் படுத்துக் கிடந்தார்கள். அங்கேயும் அவளுக்கு நன்றி சொன்னவர்கள் குறைவு. கெட்ட செய்தி கொண்டுவந்தவள் என்ற பேச்சு போகவில்லை. தெற்கே அடுத்த ஊரில், சுவர் வருமென்று வீட்டுக்குள்ளேயே இருந்தவர்களில் பதினோரு பேர் இறந்துபோனார்கள்.

அந்த வாரம் மீரானிடமிருந்து கையால் எழுதிய கடிதம் வந்தது. மைக் மாட்டும்போது ஜனாதிபதியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம். அவர் முதலில் கேட்டது, எத்தனை பேர் இறந்தார்கள் என்பதுதானாம். மறுநாளே டிவியில் தோன்றி, நடந்ததை ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டார் என்றும், நேர்மொழியை நிறுத்தச் சட்டம் கொண்டுவரப் பார்க்கிறார் என்றும் எழுதியிருந்தான். சட்டத்துக்குக் கை தூக்க வேண்டிய உறுப்பினர்கள் அவர் பேசுவதை நேர்மொழியில்தான் கேட்கிறார்கள். ‘அவர் மன்னிப்புக் கேட்டது உங்கள் ஊரில் எப்படி வந்தது அக்கா?’ என்று கடிதத்தை முடித்திருந்தான்.

பிலோமினா குடோனில் இருந்தவர்களிடம் கேட்டாள். எல்லோரும் பார்த்திருந்தார்கள். மழையில் கஷ்டப்பட்ட மக்களின் மனத்தைரியத்தை அவர் பாராட்டினார் என்றார்கள். ரொம்ப நன்றாகப் பேசினார் என்றார்கள்.

இரண்டு நாள் கழித்துத் தாசில்தார் இளமுருகு வந்தார். வங்கக் கடலில் இன்னொரு புயல் உருவாகி வருவதாகவும், பத்து நாளில் கரைக்கு வரலாமென்றும் சொன்னார். கடலோரத்தில் இன்னும் முந்நூறு ஊர்கள் இருந்தன. அவள் பேசுவதைப் படமெடுத்து எல்லா ஊருக்கும் அனுப்பிவிடலாம் என்று ஒரு யோசனை சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கே புரிந்து, நிறுத்திக்கொண்டார்.

“ஆளை அனுப்புங்கய்யா,” என்றாள் பிலோமினா. “என் படத்த அனுப்புனா நானும் வீடு தாறேன்னு சொல்லிருவேன்.”

குடோனிலிருந்து பதினேழு பேர் வந்தார்கள். அவளுக்கு வாசலில் தண்ணீர் ஊற்றியவளும் அவர்களில் இருந்தாள். சொல்ல வேண்டியதை ஒரு முழு நாள் உட்கார்ந்து மனப்பாடம் செய்தார்கள். யாராவது ஒரு சொல்லை இளக்கினால் மற்றவர்கள் திருத்தினார்கள். சூசைக்கு வடக்கு ஊர்கள் விழுந்தன. புறப்படும்போது அவர் பிலோமினாவிடம், “என்கிட்டச் சொன்னியே, அப்படியே சொல்லு. அவங்க மூஞ்சியப் பாத்து இரக்கப்பட்டுராத,” என்றார்.

அவள் தெற்கே போகும் பஸ்ஸில் ஏறினாள். கடல் இன்னும் தொடாத ஊர் ஒன்றில் இறங்கி, கடலை ஒட்டிய தெருவின் முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்த பெண்ணுக்கு இடுப்பில் ஒரு குழந்தை, முகம் நிறையச் சிரிப்பு. புதுச்சுவர் வேலைக்கு அளக்க வந்திருக்கிறீர்களா என்று கேட்டாள்.

“இல்ல தாயி,” என்றாள் பிலோமினா. அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள்.